வாசகர் கேள்வி பதில்: வழிவழியா வர்ற சீக்கு

பரம்பரையா வர்ற கேன்சர் பத்தி போன இதழ்ல ஒரு கடுதாசிக்கு சுருக்கமா பதில் எழுதியிருந்தேன், அதுக்கப்பறம் வந்த மெயிலும் வாட்ஸ்அப்பும் கொஞ்சநஞ்சமில்லீங்க. பிஎச்டி முடிச்சதுக்கப்பறம் நான் போஸ்ட்டாக்கா வேலை பாத்ததே இந்தத் துறையிலதாங்கறதால இந்தத் தடவை பூராவும் இதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு போடாதீங்கன்னு நெறையப் பேரு கேட்டிருந்தாங்க, அதனால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கோபிசெட்டிபாளையத்துல இருந்து ஒரு அம்மா: எங்க பொண்ணு பிஎச்டி முடிச்சு மூணு வருசமாச்சுங்க அம்மணி, இப்ப பாரீஸ்ல போஸ்ட்டாக் பண்றா. இன்னும் படிச்சுட்டேதான் இருக்காளான்னு ஒறம்பரைங்க கேக்கறாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. என்ன ஆராய்ச்சின்னு கேட்டா கேன்சரும் தொத்து நோயும் பரம்பரையா வர்றதப் பத்தின்னு சொல்றா. கேன்சர் சரிங்க, தொத்து நோய் எப்புடிங்க பரம்பரையா வரும், கிருமி வெளிய இருந்துதான வருது?

அக்கா, மொதல்ல ஒறம்பரைக்குப் பதில் சொல்லிரலாம். உங்க பொண்ணு படிக்கலீங்க, வேலை பாக்கறா. பிஎச்டியோட படிப்பு முடிஞ்சுது, போஸ்ட்டாக்ங்கறது ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல சம்பளம் வாங்கிட்டு சொந்தமா ஒரு கேள்விய எடுத்து முட்டி மோதற காலம், ரெண்டு வருசத்துல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும் போகும், அதுல என்ன கண்டுபிடிக்கறாங்களோ அத வெச்சுத்தான் அப்பறம் புரொபசர் வேலையோ சொந்த லேபோ கெடைக்கும். "ஆஸ்பத்திரிக்கு வேண்டிய ஆராய்ச்சி பண்ற விஞ்ஞானி"ன்னு சொல்லுங்க, அதுல ஒரு சொட்டு பொய் இல்லை.

இப்ப ரெண்டாவது கேள்வி, இது ரொம்ப நல்ல கேள்விங்க, இதே கேள்விதான் என்னையும் இந்தத் துறைக்கு இழுத்துட்டு வந்துச்சு. கிருமி வெளிய இருந்துதான் வருது, ஆனா ஒரே கிருமி ஒரே வீட்டுல நாலு பேத்துக்குள்ள போனா நாலு பேத்துக்கும் ஒரே மாதிரி ஆகறதில்லையே. உதட்டுல கொப்புளம் வர வெக்கற ஹெர்பீஸ் வைரஸ் உலகத்துல பாதிக்கும் மேல ஆளுங்க ஒடம்புல சும்மா கெடக்குது, ஆனா எங்கயோ ஒரு கொழந்தைக்கு மட்டும் அது மூளைக்கு ஏறி மூளைக்காய்ச்சல் ஆயிருது. ஏன் அந்தக் கொழந்தைக்கு மட்டும்? டிஎல்ஆர்3ன்னு ஒரு ஜீன்ல கோளாறு இருந்தா செல்லுங்களால அந்த வைரஸுக்கு எதிரா இன்டர்ஃபெரான்ங்கற தடுப்புப் பொருளைச் சரியாச் சுரக்க முடியறதில்லைன்னு 2007-ல பாரீஸ்ல இருந்த ஒரு குழு காட்டுச்சு. ஜான் லோரான் கசநோவான்னு ஒரு டாக்டர், அவரோட குழு. மத்த எல்லாக் கிருமியையும் அந்தக் கொழந்தை சமாளிச்சிருது, இந்த ஒண்ணை மட்டும் முடியல, அதனால அதுவரைக்கும் யாருக்கும் சந்தேகமே வரல.

இன்னொரு ஆராய்ச்சி இருக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. டென்மார்க்ல தத்துக் குடுத்த கொழந்தைங்களோட ரெக்கார்டை எடுத்து 1988-ல சோரன்சன்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிங்களும் பாத்தாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தர் 50 வயசுக்குள்ள தொத்து நோயால எறந்திருந்தா, வேற வீட்டுல வளர்ந்த அந்தக் கொழந்தையும் பெரிசாகி தொத்து நோயால எறக்கற வாய்ப்பு அஞ்சு மடங்குக்கும் மேல இருந்துச்சு. ஒரே வீட்டுல இல்ல, ஒரே சாப்பாடு இல்ல, ஒரே காத்து இல்ல, ஆனாலும். கேன்சர்ல பாத்தா அது தலைகீழா இருந்துச்சுங்க, பெத்தவங்களுக்குக் கேன்சர் வந்து எறந்ததுனால பெருசா வித்தியாசம் தெரியல, ஆனா தத்தெடுத்து வளத்தவங்கள்ல ஒருத்தர் 50-க்குள்ள கேன்சர்ல எறந்திருந்தா கொழந்தைக்கும் அஞ்சு மடங்கு ஜாஸ்தி. நாம எல்லாரும் கேன்சர்னா பரம்பரை, காய்ச்சல்னா தொத்துன்னு பிரிச்சு வெச்சிருக்கோம், மொத்தமாப் பாத்தா நெலமை அப்படி இல்லை.

அப்பறம் கேன்சரையும் தொத்து நோயையும் ஏன் சேத்துப் படிக்கறாங்கன்னு உங்க பொண்ணுகிட்டக் கேளுங்க, சந்தோசமா சொல்லுவா. நம்ம ஒடம்பு எதிர்ப்புச் சக்தி செல்லுங்கள உருவாக்கறப்ப டிஎன்ஏவை வேணும்னே வெட்டி வெட்டி ஒட்டுது, அப்பத்தான் கிருமிய அடிக்கற ஆன்டிபாடியை லட்சக்கணக்குல விதவிதமா செய்ய முடியும். வெட்டுனத ஒட்டற அதே கருவிங்கதான் மத்த செல்லுங்கள்ல டிஎன்ஏ உடைஞ்சா ரிப்பேர் பண்ணிக் கேன்சர் வராமக் காக்குது. அந்தக் கருவி பொறப்புலயே சரியில்லைன்னா ரெண்டும் சேந்து அடிபடும். ஏடிஎம்னு ஒரு ஜீன், அது ரெண்டு காப்பியும் கெட்டுப் பொறந்த கொழந்தைக்கு நடை தள்ளாடும், அடிக்கடி சளி நிமோனியா வரும், ரத்தப் புத்துநோய் வர்ற ஆபத்தும் ஜாஸ்தி, ஒரு காப்பி மட்டும் கெட்டிருக்கற அந்தக் கொழந்தையோட அம்மாவுக்கு மார்புக் கேன்சர் வாய்ப்பு மத்தவங்களவிடக் கூட. ஒரே ஜீன், ஒரே குடும்பம், ஆனா ஒருத்தர் கொழந்தை டாக்டர்கிட்டயும் ஒருத்தர் கேன்சர் டாக்டர்கிட்டயும் போயிட்டிருப்பாங்க, ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கக்கூட மாட்டாங்க. இத ஒண்ணு சேக்கறதுதான் உங்க பொண்ணு பண்ற மாதிரி போஸ்ட்டாக் வேலை.

தெனமும் என்ன பண்ணுவான்னா, ஒரு குடும்பத்தோட டிஎன்ஏவை வாசிச்சுப் பாப்பா, ஒவ்வொருத்தர்கிட்டயும் 40, 50 லட்சம் எடத்துல எழுத்து மாறியிருக்கும், அதுல முக்காவாசி ஒண்ணும் பண்ணாது, அதுல இருந்து குத்தவாளி எதுன்னு வடிகட்டணும், வடிகட்டுனா மட்டும் பத்தாது, அந்த நோயாளியோட செல்லுல சரியான ஜீனைப் போட்டுப் பாத்து கோளாறு சரியாகுதான்னு நிரூபிக்கணும். இதுக்கே ஒரு குடும்பத்துக்கு வருசக்கணக்கா ஆகும். மேரி கிளேர் கிங்னு ஒரு விஞ்ஞானி அம்மா 1970கள்ல இருந்து மார்புக் கேன்சருக்குப் பரம்பரைக் காரணம் இருக்குதுன்னு தேடுனாங்க, அப்ப அத நம்புனவங்க ரொம்பக் கம்மி, 1990-லதான் 23 குடும்பங்கள வெச்சு அது 17-ஆவது குரோமோசோம்ல இருக்குதுன்னு காட்டுனாங்க, அதுதான் பிஆர்சிஏ1. அந்த 23 குடும்பத்துல எங்க அம்மாவுக்கு வந்துச்சு எங்க சித்திக்கு வந்துச்சுன்னு வாய தொறந்து சொன்ன பொம்பளைங்க இல்லைன்னா அந்த ஜீன் கெடைச்சிருக்காது. மூணு வருசம் ரொம்ப இல்லீங்க அக்கா.

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகி: எனக்கு 38 வயசுங்க அக்கா, பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறேன். அம்மா 42 வயசுல மார்புக் கேன்சர்ல போயிட்டாங்க. பெரியம்மாவுக்கு இப்ப சினைப்பைக் கேன்சர்னு சொல்லி டிரீட்மென்ட் போயிட்டிருக்குது. எனக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? எனக்கு 15 வயசுல ஒரு பொண்ணு இருக்கறா, இதெல்லாம் வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை வருமான்னு வீட்டுக்காரர் சத்தம் போடறாரு.

அம்மணி, நீங்க கண்டிப்பா ஒரு ஜெனடிக் கவுன்சிலரையோ கேன்சர் டாக்டரையோ பாக்கணும், இதுல ரெண்டாவது பேச்சே இல்லை. எல்லாக் கேன்சரும் பரம்பரை கெடையாது, 100 பேத்துல அஞ்சு பத்துப் பேத்துக்குத்தான் அப்படி வர்றது. ஆனா 50 வயசுக்கு முன்னாடி மார்புக் கேன்சர், அதே வழியில சினைப்பைக் கேன்சர், இது ரெண்டும் ஒரே குடும்பத்துல வந்தா டாக்டருங்க மொதல்ல சந்தேகப்படறது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஜீன்களத்தான்.

டெஸ்ட் மொதல்ல உங்களுக்கு எடுக்கக் கூடாது, பெரியம்மாவுக்கு எடுக்கணும். இத நெறையப் பேரு மாத்திப் பண்ணிக் காசையும் நிம்மதியையும் வீணாக்கறாங்க. சீக்கு வந்தவங்க ரத்தத்துல இந்தக் குடும்பத்துக்கு எந்த எழுத்துப்பிழைன்னு கண்டுபிடிச்சுட்டா, அப்பறம் உங்களுக்கு அந்த ஒரே எடத்தைப் பாத்தாப் போதும், இருக்குதா இல்லையான்னு தெளிவா தெரிஞ்சிரும். அது இல்லைன்னு வந்தா உங்க ஆபத்து ஊர்ல மத்த பொம்பளைங்களுக்கு இருக்கற அளவுதான், உங்க பொண்ணுக்கும் உங்க மூலமா அது போயிருக்காது. பெரியம்மாவ விட்டுட்டு உங்களுக்கு மட்டும் எடுத்து ஒண்ணும் இல்லைன்னு வந்தா அதுக்கு அர்த்தமே சொல்ல முடியாது. பெரியம்மாவுக்கும் இதுல நேரடி லாபம் இருக்குது, பிஆர்சிஏ கோளாறு இருக்கறவங்களுக்கு ஒலாபரிப் மாதிரி மாத்திரைங்க நல்லா வேலை செய்யுது, அதனால டிரீட்மென்ட் டாக்டர்கிட்டயே கேளுங்க.

இருக்குதுன்னு வந்தா என்ன பண்றதுங்கறதுதான் பயம், எனக்குப் புரியுது. இந்த ஜீன் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு காப்பி இருக்கும், ரெண்டு மோட்டார் இருக்கற கிணறுன்னு வெச்சுக்கங்க, உங்களுக்குப் பொறக்கறப்பவே ஒரு மோட்டார் ரிப்பேரு, இன்னொண்ணு ஓடற வரைக்கும் தண்ணி வரும், அது எப்பயாவது ஏதாவது ஒரு செல்லுல நின்னு போனாத்தான் கேன்சர் ஆரம்பிக்கும். நின்னே தீரும்னு இல்லை. மேல்நாட்டுல ஏறக்குறைய 10,000 பொம்பளைங்கள வருசக்கணக்கா கவனிச்சு 2017-ல கணக்குப் போட்டாங்க, பிஆர்சிஏ1 இருந்தா 80 வயசுக்குள்ள 100-க்கு 72 பேத்துக்கு மார்புக் கேன்சர், 44 பேத்துக்கு சினைப்பைக் கேன்சர். பிஆர்சிஏ2-ன்னா 69, 17. பெரிய நம்பருதான், ஆனா முன்கூட்டியே தெரிஞ்சா பண்றதுக்கு வழி இருக்குது, வருசா வருசம் மார்புக்கு எம்ஆர்ஐ, 30-க்கு மேல மேமோகிராமும் சேத்து எடுப்பாங்க, புள்ளை பெத்து முடிச்சவங்களுக்கு பிஆர்சிஏ1-ன்னா 35-ல இருந்து 40 வயசுக்குள்ளயும் பிஆர்சிஏ2-ன்னா 40-ல இருந்து 45-க்குள்ளயும் சினைப்பையையும் குழாயையும் எடுத்துரச் சொல்லுவாங்க, ஏன்னா சினைப்பைக் கேன்சரை ஆரம்பத்துலயே காட்டற நல்ல ஸ்கேன் இன்னும் வரல. உங்களுக்கு இப்ப 38, அதனாலதான் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன். பொண்ணுக்கு இப்ப டெஸ்ட் வேண்டாம், பெரியவங்களுக்கு வர்ற கேன்சருக்கு 18 வயசுக்குள்ள டெஸ்ட் பண்றதில்லை, அப்பறம் அவளே முடிவு பண்ணட்டும்.

ரிப்போர்ட்ல சில சமயம் "அர்த்தம் தெரியாத மாற்றம்"னு வரும், அத வெச்சு யாரும் ஆப்ரேஷன் பண்ணக் கூடாது. நம்ம ஊரு ஜனங்களோட டிஎன்ஏ உலக டேட்டாபேஸ்ல கம்மியா இருக்கறதால நமக்கு இந்த மாதிரி ஜாஸ்தியா வருது, ஜீனோம் இந்தியான்னு 10,000 பேத்தோட முழு டிஎன்ஏவையும் வாசிச்சு 2025 ஜனவரியில ஆராய்ச்சியாளர்களுக்குத் தொறந்து விட்டாங்க, இனி கொஞ்சம் கொஞ்சமா தெளிவாகும்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. இது பொம்பளை வழியில மட்டும் வர்றதில்லீங்க, அப்பன் வழியாவும் பாதிக்குப் பாதி வாய்ப்புல வரும், ஆம்பளைங்களுக்கு பிஆர்சிஏ2 இருந்தா புராஸ்டேட் கேன்சரும் அபூர்வமா மார்புக் கேன்சரும் வரும். உங்க மனைவியோட மாமனுங்களுக்கும் அவங்க புள்ளைங்களுக்கும் இந்த விசயம் போகணும். 42 வயசுல ஒரு அம்மாவைப் பறிகொடுத்த வீடு உங்களது, கல்யாணத்துக்காக மூடி மறைச்சு இன்னொரு தடவை அதே விலையைக் குடுக்காதீங்க. ஜாதகம் பாக்கறதுக்கு மூணு தலைமுறை பேரு சொல்றோம், அதே மூணு தலைமுறைக்கு யாருக்கு என்ன சீக்கு எந்த வயசுலன்னு ஒரு காயிதத்துல எழுதி வெக்கறதுல என்ன கௌரவக் கொறைச்சல்? எழுதி எடுத்துட்டு டாக்டர்கிட்டப் போங்க.

பொள்ளாச்சியில இருந்து ஒரு தம்பி: 2021-ல ரெண்டாவது அலையில எங்கண்ணன் 36 வயசுல போயிட்டாருங்க. சுகர் இல்ல, பிபி இல்ல, தெனமும் தென்னந்தோப்புல வேலை செய்யற ஒடம்பு. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்ததுனாலதான்னு இன்னிக்கும் எங்க அம்மா தன்னையே திட்டிக்கறாங்க, அவங்கதான் போகச் சொன்னது. ஏன் அவருக்கு மட்டும்?

தம்பி, அந்த எழவு வீட்டுக்கு வந்த எத்தனையோ பேரு மூணு நாள் காய்ச்சலோட எந்திரிச்சிருப்பாங்க. அம்மாகிட்ட இத மொதல்ல சொல்லுங்க.

உங்க கேள்வியத்தான் 2020-ல உலகம் பூரா கேட்டாங்க, அதுலயும் கசநோவா குழு இருந்துச்சு. ஐசியூவுக்குப் போன கொரோனா நோயாளிங்கள்ல 100-க்கு மூணு நாலு பேத்துக்கு இன்டர்ஃபெரான் சுரக்கற பாதையில பொறவிக் கோளாறு, இன்னொரு 10 பேத்துக்கு அவங்க ஒடம்பே அந்த இன்டர்ஃபெரானை அடிச்சு நொறுக்கற ஆன்டிபாடியைச் செஞ்சு வெச்சிருந்துச்சு, அப்படி ஆன்டிபாடி இருந்தவங்கள்ல 100-க்கு 94 பேரு ஆம்பளைங்க. சீக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு குறியும் தெரியாது. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கற டிஎல்ஆர்7 ஜீன் கெட்டுப்போன வயசுப் பசங்களும் இருந்தாங்க, ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணுதான் இருக்கறதால பதிலுக்கு ஆளில்லை.

அதுபோக மூணாவது குரோமோசோம்ல ஒரு துண்டு, எப்பவோ அழிஞ்சுபோன நியாண்டர்தால்ங்கற ஆதி மனுசங்ககிட்ட இருந்து நமக்கு வந்தது, அது இருந்தா கொரோனா கடுமையாகற வாய்ப்பு கூடுதுன்னு ஸ்வான்டே பேபோ, ஹூகோ ஸீபெர்க்னு ரெண்டு விஞ்ஞானிங்க 2020-ல காட்டுனாங்க, தெற்காசியாவுல பாதிப் பேத்துகிட்ட அது இருக்குது, ஐரோப்பாவுல 16 சதவீதம். உங்கண்ணனுக்கு இதுல எதுன்னு இப்ப சொல்ல வழியில்லை, ஆனா ஒடம்பு தெடமா இருந்தவரு ஏன் போனாருங்கறதுக்குப் பின்னாடி இந்த மாதிரி காரணங்க இருக்குது, அம்மா போகச் சொன்னது காரணமில்லை. உங்களுக்கும் உங்கண்ணன் புள்ளைங்களுக்கும் தடுப்பூசி எதையும் விடாமப் போடுங்க, யாருக்காவது ஃப்ளூவோ நிமோனியாவோ வந்து மூச்சு வாங்குனா வீட்டுல வெச்சுப் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயி அண்ணனுக்கு நடந்ததச் சொல்லுங்க.

தாராபுரத்துல இருந்து ஒரு வாசகர்: அக்கா மகளைத்தான் கட்டியிருக்கறேனுங்க. மொதப் பையன் பொறந்து பிசிஜி ஊசி போட்டதுக்கப்பறம் அக்குள்ல கட்டி வந்துச்சு, அப்பறம் காய்ச்சல், ஈரல் வீக்கம்னு ஏழாவது மாசம் போயிட்டான். ஊசியில கோளாறுன்னு ஒருத்தர் சொல்றாங்க, சொந்தத்துல கட்டுனதுனாலன்னு ஒருத்தர் சொல்றாங்க. இப்ப அவ மறுபடி மாசமா இருக்கறா.

அய்யா, நீங்க எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியல. அவசரமானதை மொதல்ல சொல்றேன், பொறக்கப் போற கொழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி சரியா இருக்குதுன்னு தெரியற வரைக்கும் பிசிஜி, ரோட்டா வைரஸ் சொட்டு, வாய் வழி போலியோ சொட்டு மாதிரி உயிர்க்கிருமி இருக்கற தடுப்பு மருந்து எதுவும் குடுக்கக் கூடாது. பிரசவம் பாக்கற டாக்டர்கிட்டயும் கொழந்தை டாக்டர்கிட்டயும் இப்பவே எழுதிக் குடுத்துருங்க, ஏன்னா ஆஸ்பத்திரியில பொறந்த அன்னிக்கோ மறுநாளோ பிசிஜி போட்டுருவாங்க. மொதப் பையனோட ரத்தமோ திசுவோ எங்கயாவது எடுத்து வெச்சிருந்தாங்கன்னா அதத் தூக்கிப் போட்டுராமக் காப்பாத்தச் சொல்லுங்க, அதுலதான் பதில் இருக்குது. மாசம் கம்மின்னா, ஜீன் எதுன்னு தெரிஞ்சா, 11-ல இருந்து 13 வாரத்துக்குள்ளயே நஞ்சுக்கொடியில இருந்து கொஞ்சம் எடுத்துப் பாக்கலாம்.

ஊசி மேல தப்பில்லைங்க, மத்த அப்பா அம்மாக்களும் இதக் கேட்டுக்கங்க. பிசிஜி கோடிக்கணக்கான கொழந்தைங்களுக்கு ஒரு கெடுதலும் பண்றதில்லை, டிபி மூளைக்குப் பரவறதுல இருந்து காக்குது, யாரும் நிறுத்தாதீங்க. ஆனா ரொம்ப அபூர்வமா சில கொழந்தைங்க ஒடம்பால ஊசியில இருக்கற அந்தச் சாதுவான கிருமியக்கூட அடக்க முடியாது. இன்டர்ஃபெரான் காமாங்கற சமிக்ஞையை வாங்கற ஜீன் கெட்டிருந்தா இப்படி ஆகும்னு 1996-ல பாரீஸ்லயும் லண்டன்லயும் ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. இன்னொரு காரணம் எஸ்சிஐடின்னு சொல்ற எதிர்ப்புச் சக்தியே இல்லாமப் பொறக்கறது, அதுக்கு மொதல் மூணரை மாசத்துக்குள்ள, தொத்து எதுவும் வர்றதுக்கு முன்னாடி எலும்பு மஜ்ஜை மாத்துனா பெரும்பாலான கொழந்தைங்க பொழச்சுக்கறாங்க. அதனாலதான் சீக்கிரம் தெரியணும்.

சொந்தத்துல கட்டுனதுதான் காரணமான்னு கேட்டீங்க. இருக்கலாம், ஆனா பரிசோதனை பண்ணாம உங்க மேலயோ உங்க மனைவி மேலயோ பழி போட்டுக்காதீங்க, ஏன்னா எஸ்சிஐடியில ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழியா அம்மாகிட்ட இருந்து பையனுக்கு மட்டும் வர்றது, அதுக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, அசல்ல கட்டியிருந்தாலும் வந்திருக்கும். ரெண்டு காப்பியும் கெட்டாத்தான் வர்ற சீக்குன்னா சொந்தம் கணக்குல வரும், மாமனும் அக்கா மகளும் ஜீன்ல கால்பங்கு பொதுவா வெச்சிருக்காங்க, மாமன் மகள் அத்தை மகன்னா எட்டுல ஒரு பங்கு. நம்ம பக்கம் கூட்டம்ங்கற குலப்பிரிவைப் பாத்துத்தான் கட்டறோம், பங்காளிக்குள்ள கட்டறதில்லை, அதனால ரத்தம் கலக்காதுன்னு பெரியவங்க நம்பறாங்க, ஆனா கூட்டம் அப்பன் வழியை மட்டுந்தான் எண்ணுது, அம்மா வழியில வர்ற பாதியை அது பாக்கறதே இல்லை. உங்க அக்கா வேற கூட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போனாங்க, அவங்க பொண்ணு பேருக்கு வேற கூட்டந்தான், ஆனா உங்க அப்பாரு ஆத்தாகிட்ட இருந்து வந்தது ரெண்டு பேத்துகிட்டயும் இருக்கும். அப்படிப்பட்ட சீக்குன்னாலும் ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்குதான் ஆபத்து, நாலுல மூணு பங்கு கொழந்தை நல்லாப் பொறக்கும். வேலூர் சிஎம்சி மாதிரி பெரிய எடங்கள்ல ஜெனடிக்ஸ் பிரிவு இருக்குது, இந்த வாரமே போங்க, தேதி கெடைக்கலைன்னா எங்க பத்திரிகைக்கு எழுதுங்க.

பவானியில இருந்து ஒரு பெரியவர்: நொய்யலும் காவேரியும் சாயத் தண்ணியில நாறிக் கெடக்குது, நீங்க பாட்டுக்கு ஜீன் ஜீன்னு எழுதறீங்க. கேன்சருக்குக் காரணம் கம்பெனிக்காரனா எங்க அப்பன் பாட்டனா?

நீங்க கோவப்படறது நியாயம்ங்க அய்யா. ஜீனைக் காட்டி எந்த சாயப்பட்டறையும் தப்பிக்க முடியாது. திருப்பூர் சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லி 2011 ஜனவரியில மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்டது தண்ணியையும் நெலத்தையும் கெடுத்ததுக்காகத்தான், ஒரத்துப்பாளையம் டேம் தண்ணியை வெச்சு விவசாயம் பண்ண முடியாமப் போன கதை உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.

சாயமும் கேன்சரும் பழைய கதைங்க. 1895-ல ஃபிராங்க்ஃபர்ட்ல லுட்விக் ரேன்னு ஒரு சர்ஜன், சாயத் தொழிற்சாலையில வேலை செஞ்சவங்களுக்கு மூத்திரப்பைக் கேன்சர் வர்றதக் கவனிச்சு எழுதுனாரு, அதுல இருந்துதான் பீட்டா-நாப்தைலமின் மாதிரி சாயப் பொருளுங்க மேல சந்தேகம் வந்து கடைசியில தடை வந்துச்சு. ஆனா அதே பட்டறையில அதே பொடியைச் சுவாசிச்சவங்க எல்லாத்துக்கும் வரல. என்ஏடி2ன்னு ஒரு ஜீன் ஈரல்ல இந்தப் பொருளுங்களை முறிக்குது, அது மெதுவா வேலை செய்யறவங்களுக்கு மூத்திரப்பைக் கேன்சர் வாய்ப்பு கூட. அதே ஜீன்தான் டிபிக்குக் குடுக்கற ஐசோநியாசிட் மாத்திரையையும் முறிக்குது, மெதுவா முறிக்கறவங்களுக்கு அந்த மாத்திரையால ஈரல் பாதிப்பு ஜாஸ்தி வரும்.

2023-ல ஜப்பான்ல வந்த ஆராய்ச்சியும் இதைத்தான் காட்டுது. வயித்துல இருக்கற ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி மட்டும் இருந்தா 85 வயசுக்குள்ள வயித்துக் கேன்சர் வாய்ப்பு 14 சதவீதம், அந்தக் கிருமியோட பிஆர்சிஏ மாதிரி டிஎன்ஏ ரிப்பேர் ஜீன்ல கோளாறும் சேந்தா 45 சதவீதம். கிருமி இல்லாதவங்களுக்கு அஞ்சுக்கும் கீழ. ஜீனை மாத்த முடியாது, கிருமிய ரெண்டு வாரம் மாத்திரையில போக்கிரலாம். அப்ப பரம்பரை ஆபத்து இருக்கற வீட்டுக்குத்தான் நல்ல தண்ணியும் சுத்தமான பட்டறையும் மத்தவங்களவிட அவசரமா வேணும், உங்க சண்டைக்கு ஜீன் ஆராய்ச்சி எதிரி இல்லீங்க, சாட்சி.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு எம்எஸ்சி பயோடெக் மாணவி: இந்தத் துறையில போஸ்ட்டாக் வரைக்கும் போகணும்னு ஆசைங்க மேம். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கண்ணு, நெட் தேர்வுல கெடைக்கற ஃபெலோஷிப்புக்கு இப்பவே படி, பிஎச்டிக்கு அது இருந்தா எங்கயும் தைரியமாப் போகலாம். ஐதராபாத் சிசிஎம்பி, கல்யாணியில என்ஐபிஎம்ஜி, டெல்லி ஐஜிஐபி, நவி மும்பையில டாடா மெமோரியலோட ஆக்ட்ரெக், சென்னையில டிபிக்குன்னே இருக்கற என்ஐஆர்டி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், இதுங்க வெளியிடற கட்டுரைங்களைப் படிச்சுப் பாத்து எந்தக் கேள்வி உன்னைத் தூங்க விடலையோ அந்த லேபுக்கு எழுது. பைத்தான், ஆர் ரெண்டுல ஒண்ணாவது கத்துக்க, இப்ப பாதி வேலை கம்ப்யூட்டர்லதான் நடக்குது, ஆனா செல் வளக்கற வேலையை விட்டுராத, கம்ப்யூட்டர் சந்தேகப்படத்தான் சொல்லும், நிரூபிக்கறது லேப் பெஞ்சுலதான். பிஎச்டிக்கு அப்பறம் உள்நாட்டுலயே நேஷனல் போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப் இருக்குது, ரெண்டு வருசம். வெளிநாடு போயிட்டுத் திரும்பி வர நெனச்சா ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப் இருக்குது.

இன்னொண்ணு சொல்றேன், லேபுக்குள்ளயே உக்காந்துறாத. உங்க பேராசிரியர்கிட்டக் கடுதாசி வாங்கிட்டு இந்த லீவுல ஒரு மாசம் ஏதாவது ஆஸ்பத்திரி ஜெனடிக்ஸ் பிரிவுல போயி உக்காரு, வர்ற குடும்பங்களோட மூணு தலைமுறைக் கணக்கை எழுதக் கத்துக்க, ஆம்பளைக்குச் சதுரம் பொம்பளைக்கு வட்டம்னு படம் போடறது அரை நாள்ல வந்துரும், ஆனா எறந்துபோன கொழந்தையைப் பத்தி ஒரு அம்மாகிட்ட எப்புடிக் கேக்கறது, எப்ப பேசாம இருக்கறதுங்கறது அங்க இருக்கறவங்களைப் பாத்துத்தான் வரும். சம்மதப் படிவத்தை அவங்க பாசையில வாசிச்சுக் காட்டு, ரிசல்ட் வந்தா அவங்களுக்குத் திரும்பச் சொல்ற லேபுலதான் சேரு.